இங்கிலீஷில் 'நீங்க' கிடையாது

தொண்ணூற்று மூன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த இடம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு வீட்டின் மாடி. கீழே வீட்டுக்காரர் குடியிருந்தார். மேலே மூன்று அறைகள். ஒன்றில் கம்ப்யூட்டர்களும் ஏசியும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதற்குள் போகலாம். இன்னொன்று முதலாளி உட்காருகிற அறை. மூன்றாவதில், மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்கக் கூழாங்கற்களை வைத்துக்கொண்டு, நாங்கள்.

லண்டனில் எழுதப்பட்டு லண்டனில் விற்கப்போகிற புத்தகங்களை எங்கள் அலுவலகம் பக்கங்களாக அடித்துக் கொடுத்தது. பிரதி கூரியரில் வரும், பக்கங்கள் கூரியரில் போகும். நடுவில் பிழை பார்ப்பது எங்கள் வேலை. இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. ஒருத்தி மூலத்தை வாய்விட்டுப் படிப்பாள்; மற்றவள் அடித்த பக்கத்தில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவாள். சொற்களை மட்டும் படித்தால் போதாது. கமா, ஃபுல் ஸ்டாப், பெரிய எழுத்து, சாய்ந்த எழுத்து எல்லாவற்றையும் சொல்லிப் படிக்க வேண்டும். முதல் வாரம் வீட்டுக்குப் போன பிறகும் என் காதில் கமா விழுந்துகொண்டே இருந்தது.

எனக்கு ஜோடியாகக் கிடைத்தவள் எனக்கு ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவள். அவளுடைய பெயரை எழுத அவளிடம் நான் அனுமதி வாங்கவில்லை. அதனால் அவள் என்றே சொல்கிறேன். பட்டினப்பாக்கம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்றார். அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் வாசகம் படிப்பவள் என்பதால் அவள் படிப்பதில் ஓர் அவசரமின்மை இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கடைசி எழுத்துவரை கொண்டுபோய் இறக்கி வைப்பாள். உலர்ந்த மண்ணியல் புத்தகத்தைக்கூட அவள் படித்தால் யாருக்கோ நற்செய்தி சொல்வதுபோல இருக்கும்.

நான் மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னாலுள்ள சந்தில் வளர்ந்தவள். அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரு தமிழ் எனக்கு இருந்தது, அவளுக்கும் இருந்தது. இரண்டு பேரும் தனியாக இருக்கும்போது அது கழன்றுவிடும். நான் என்னையறியாமல் "ஆத்துல சொல்லிண்டு வந்திருக்கேன்" என்பேன். "இன்னாது, ஆத்துல முழுவிக்கினு வந்தியா?" என்று அவள் சிரிப்பாள். சேர்ந்து பத்து நாளில் நீங்க நீ ஆயிற்று. மாதம் முடிவதற்குள் வாடி போடி ஆயிற்று. என் வயதுப் பெண் ஒருத்தி என்னை 'டி' போட்டுக் கூப்பிடுவது கல்லூரியோடு முடிந்துபோனது என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு புத்தகம் வந்தது. உலக நாடுகளுக்கு அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று சொல்லும் புத்தகம். ஒரு நாட்டுக்கு அரைப் பக்கம். எழுதியவர் முடித்தபிறகும் நாடுகள் உடைந்துகொண்டே இருந்ததால், ஓரத்தில் ஒட்டிய சீட்டுகளோடுதான் பிரதி வந்தது. சோவியத் என்ற தலைப்பு கோடு போட்டு நீக்கப்பட்டு, அதனிடத்தில் பதினைந்து பெயர்கள். செக்கோஸ்லோவாக்கியா நடுவில் வெட்டப்பட்டு இரண்டு சீட்டுகளாக இருந்தது.

அவள் படித்தாள், நான் பார்த்தேன். அர்ஜென்டினா என்றால் வெள்ளி. பிரேசில் சிவப்புச் சாயம் எடுக்கிற மரம். சியரா லியோன் சிங்க மலை. வெனிசுலா குட்டி வெனிஸ். யாரோ ஒரு மாலுமி கரையைத் தள்ளி நின்று பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான். அதையே கோடிப்பேர் முந்நூறு நானூறு வருஷமாகப் பாஸ்போர்ட்டில் சுமக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

கேமரூன் வந்தபோது அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். அங்கே ஆற்றில் இறால் ஏராளமாக இருந்ததைப் பார்த்த போர்ச்சுக்கீசியர்கள் அதற்கு இறால் ஆறு என்று பேர் வைத்தார்கள். அதுவே நாட்டுக்கும் பேராயிற்று என்று எழுதியிருந்தது.

"எறா! எங்கம்மா கூடையில கீற எறா! ஒரு நாடே எறாடி!"

மறுநாள் காலை வந்ததும் அம்மா சொன்னதைச் சொன்னாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே கேட்டாராம்: "எறாவுக்கு ஒரு நாடுன்னா நெத்திலிக்கு ஒரு ஜில்லாவாச்சும் குடுக்கக் கூடாதா?"

இன்னொரு பக்கத்தில் ஏதோ தீவு நாட்டின் படம். நீலக் கடலில் வெள்ளை வெளேரென்று, இரண்டு படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியதுபோல ஒரு பாய்மரக் கப்பல். அடியில் கட்டமரான் என்று போட்டிருந்தது. அவள் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுல எங்க கட்டு கீது, எங்க மரம் கீது?" என்று கேட்டாராம். எங்கள் சொல் எங்களைவிட்டுப் போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்குப் பெருமை இல்லை. திருடிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் சொன்னார்.

பஹ்ரைன் என்றால் இரண்டு கடல். அதைப் படித்துவிட்டு, "நமக்கு ஒண்ணே போதும்பா" என்றாள் அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

லண்டன் புத்தகம் முடிந்து இரண்டு மாதத்தில் அதையே அமெரிக்காவுக்கென்று மாற்றித் தரச் சொல்லி வேலை வந்தது. கூடவே ஒரு பட்டியல். இடது பக்கம் லண்டன் இங்கிலீஷ், வலது பக்கம் அமெரிக்க இங்கிலீஷ். லிஃப்ட் என்றால் எலிவேட்டர். ஆட்டம் என்கிற இலையுதிர்காலம் ஃபால். பிஸ்கட் என்றால் குக்கி. பெட்ரோல் என்றால் கேஸ். "கேஸா? கேஸு சிலிண்டர்ல இல்ல வரும்!" என்றாள். ஒரே பாஷை பேசுகிற இரண்டு ஊர்க்காரர்கள் கத்தரிக்காய்க்கே வேறு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஆபர்ஜின் என்கிறார், ஒருவர் எக்பிளாண்ட் என்கிறார். நாங்கள் பள்ளியில் படித்த பிரிஞ்சால் இரண்டு பக்கமும் இல்லை.

அன்று சாப்பாட்டு வேளையில் அவள் ஒரு பழைய டைரியை எடுத்தாள். பக்கத்தை மூன்றாக மடித்துக் கோடு போட்டாள். முதல் கட்டம் லண்டன், இரண்டாவது அமெரிக்கா, மூன்றாவது நம்முடையது.

"ரோட்டோரத்துல நடக்கறது?" என்று கேட்டாள்.

"லண்டன்ல பேவ்மென்ட். அமெரிக்காவுல சைடுவாக்."

"நமக்கு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "பிளாட்பாரம்" என்றோம். லண்டனிலும் அமெரிக்காவிலும் அதில் ரயில்தான் வந்து நிற்கும்.

காருக்குப் பின்னால் பெட்டி வைக்கும் இடம் லண்டனில் பூட், அமெரிக்காவில் ட்ரங்க், நமக்கு டிக்கி. காட் என்ற சொல் லண்டனில் குழந்தைக்குக் கம்பி வைத்த தொட்டில். அமெரிக்காவில் முகாமில் போடுகிற மடக்குப் படுக்கை. நமக்குக் கல்யாணச் சீரில் வருகிற தேக்குக் கட்டில். ஓட்டலில் அவர்கள் தூங்குவார்கள், நாம் சாப்பிடுவோம். கடிதம் போடுவதும் கவர், கறிகாய் வாங்கி வருவதும் கவர். டைரியின் இருபது பக்கத்துக்கு மேல் நிரம்பிவிட்டது. பஸ்ஸில் எதையாவது கேட்டால் மறுநாள் காலை செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும் என்று ஓடி வருவேன். வேலை முடிந்து சில நாள் அவளோடு பட்டினப்பாக்கம் வரை நடந்துபோவேன். வலைகளைத் தாண்டி மணலில் உட்கார்ந்துகொள்வோம். அலை நுரைக்கு என்ன சொல், காய்ந்த மீன் வாசத்துக்கு இங்கிலீஷில் சொல் உண்டா என்று கேட்டுக்கொண்டிருப்போம். அந்த நேரத்தில் எனக்கு இருபத்து மூன்று வயது. இனிமேல் எப்போதும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அமெரிக்க வேலை முடியும் தறுவாயில் ஒரு புதன்கிழமை. அவள் மத்தியானத்தோடு கிளம்பிவிட்டாள். காய்ச்சல் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தாள். பாஸ்போர்ட்டுக்கு மனுக்கொடுக்கப் போகிறாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய பெரியம்மா மகள் பஹ்ரைனில் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். சும்மா எடுத்து வைக்கிறேன், போகிறேனா என்ன என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தாள்.

இரண்டு மணிக்கு எனக்கு வீட்டிலிருந்து போன். அம்மா.

"நாலு மணிக்குள்ள ஆத்துக்கு வந்துடு. அவா அஞ்சு மணிக்கே வராளாம். தலை பின்னிக்கணும், புடவை கட்டிக்கணும். ஆபீஸ்ல சொல்லிண்டு கிளம்பு."

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வேலையில் மீதமிருந்தது ஒரே ஒரு சொல். ஃப்ளாட் என்று வருகிற இடங்களில் அபார்ட்மென்ட் என்று மாற்ற வேண்டும். ஃப்ளாட் என்றால் தட்டை என்றும் பொருள்; வீட்டைக் குறிக்கிற இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும் என்பதால் ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்யும்படி பட்டியலில் குறிப்பு இருந்தது. கம்ப்யூட்டர் ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார். நானே அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகப் பார்க்க ஒரு மணி நேரமாகும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றுகிற பொத்தானை அழுத்தினேன். மறுநாள் சீக்கிரம் வந்து பார்த்துச் சரிசெய்துவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

மறுநாள் நான் சீக்கிரம் போகவில்லை. வந்தவர்களுக்கு என்னைப் பிடித்துவிட்டது. காலையில் வீட்டில் பாயசம், சித்தி வருகை, போன்கள். பத்தரைக்கு அலுவலகம் போனபோது கூரியர்க்காரர் வாசலில் நின்றிருந்தார். கடைசித் தாளில் இருவரில் முன்னால் சேர்ந்தவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். அவள் பேனாவோடு நின்றுகொண்டு என்னைக் கேட்டாள்.

"ஃப்ளாட் எல்லாம் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு என் காதருகே வந்து, "மாப்ள எப்டிடி?" என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து அமெரிக்காவிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. சுருள் சுருளாகத் தரைவரை நீண்டது. முதலாளி எங்கள் அறைக்கே அதை எடுத்து வந்து வாசித்தார். நெதர்லாந்து என்றால் தாழ்வான நிலம். அது தாழ்வான, தட்டையான நாடு என்று இருந்தது எங்கள் கையில் தாழ்வான, அடுக்குமாடி நாடு என்று ஆகியிருந்தது. ஆப்பிரிக்காவில் தட்டையான உச்சியுள்ள மலை அடுக்குமாடி உச்சி மலை ஆகியிருந்தது. ஓர் இடத்தில் ஆண்டிஸ் அடிவாரத்து மக்கள் அடுக்குமாடி ரொட்டி சாப்பிட்டார்கள். இப்படி இருபது இடத்துக்கு மேல். ஆபரேட்டர் வாயைப் பொத்திக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் நானும் அவளும் சிரித்துச் சிரித்து அழுதிருப்போம்.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அந்தப் புத்தகம் ஒரு வரிசையின் முதல் புத்தகம். மீதி வருமா என்பது இனிமேல் சந்தேகம்.

"யார் பண்ணினது இது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஃபேக்ஸைத்தான் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மின்விசிறி சுற்றுகிறது. கூழாங்கல்லுக்கு அடியில் ஒரு தாள் மூலை அடித்துக்கொள்கிறது. நான் வாயைத் திறந்தால் போதும். பெரிய காரணம் எதுவும் என்னைத் தடுக்கவில்லை. வேலை போனால் பட்டினி கிடக்கிற குடும்பம் இல்லை என்னுடையது. பயம், அவ்வளவுதான். எல்லோர் முன்னிலும் முட்டாளாக நிற்கிற பயம்.

"என் கையெழுத்துதான் சார்," என்றாள் அவள்.

முதலாளி ஃபேக்ஸைச் சுருட்டினார். "கொஞ்ச நாள் பேக்கிங் பாரும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார். பேக்கிங் என்றால் பிரதிகளைக் கட்டி, முகவரி ஒட்டி, கூரியருக்கு அனுப்புகிற வேலை. படிப்பது கிடையாது.

எனக்குப் புது ஜோடி ஒருத்தி வந்தாள். வேகமாகப் படிப்பாள், ஒரு சொல்லும் என் காதில் தங்காது. சாப்பாட்டு வேளையில் நான் வழக்கம்போல என் பழைய ஜோடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் டப்பாவைத் திறந்தாள். மீன் என்பதால் எப்போதும்போலக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள். பிறகு என்னிடம் சாதாரணக் குரலில் கேட்டாள்.

"உங்களுக்குத் தண்ணி வேணுமா?"

முதலில் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. எனக்குத்தான் அந்த உங்களுக்கு. அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். வாங்க, உக்காருங்க, கல்யாணம் எப்போங்க. கோபம் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்வது இல்லை. மரியாதை மட்டும் கொடுத்தாள். மயிலாப்பூரில் எங்கள் தெருவில் எத்தனையோ பேர் எனக்கு மரியாதை கொடுத்திருக்கிறார்கள். ஒருவருடையதும் இப்படி வலித்ததில்லை. டைரியை நான் கேட்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் காலையில் கிளம்புவேன். அடையாறு பாலத்தைக் கடந்து வருகிற பஸ்கள் மாடிப்படியிலிருந்து தெரியும். அந்த இடத்தில் நின்று, இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்று முடிவு செய்வேன். இப்படியே நாட்கள் ஓடின. ஒரு வெள்ளிக்கிழமை அவள் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தாள். விசா வந்துவிட்டது. பஹ்ரைன். அன்றுதான் கடைசி நாள்.

சாயங்காலம் அவள் படியிறங்கும்போது பின்னாலேயே போனேன். கேட்டுக்கு அருகில் நிறுத்தினேன்.

"அன்னிக்கு அந்த ஃப்ளாட்... நான்தான். பாக்காமலே பாத்துட்டேன்னு சொன்னேன்."

"தெரியும்," என்றாள். "நான் அரை நாள் இல்லாதப்போதானே நடந்துது. வேற யாரு?"

"அப்புறம் ஏன் நீ சொல்லலை?"

அவள் கைப்பையின் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டாள். சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு அவளுடைய சொந்தத் தமிழிலேயே சொன்னாள்.

"நீங்க சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். டெய்லி பாத்துக்கினு இருந்தேன்."

குப்பத்துத் தமிழோடு நீங்க சேர்ந்து வந்ததை அன்றுதான் முதல்முறை கேட்டேன். அவள் சாலையைக் கடந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை முதலாளியின் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன். என்னையும் பேக்கிங்குக்கு அனுப்புவார், அல்லது வேலையைவிட்டே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு போயிடுத்தே, இப்ப வந்து சொல்றியேம்மா," என்றார். பிறகு, "போய் வேலையைப் பாரு." அவ்வளவுதான். தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. மாலையில் அவரே ஃபோனில் யாரிடமோ, நன்றாகப் படிக்கிற பெண் ஒருத்தி போய்விட்டாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி கே.கே. நகருக்குப் போனேன். வேலையை விட்டேன். ஒருநாள் மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போய் அவளுடைய அம்மாவைக் கண்டுபிடித்து முகவரி வாங்கிக்கொண்டேன். மீன் பிரிவுக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல்முறை. அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. "எம்பொண்ணு உன்னப் பத்தியே பேசிக்கினு இருப்பாம்மா," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு முகவரியை எழுதினேன்.

கடிதம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. மன்னிச்சுக்கோ என்று எழுதுவதா, மன்னிச்சுக்கோங்க என்று எழுதுவதா? முதலாவதற்கு எனக்கு உரிமை இல்லை. இரண்டாவதை எழுதினால் எல்லாம் முடிந்துபோயிற்று என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஏழெட்டுத் தாள் கிழித்தேன். கடைசியில் இங்கிலீஷில் எழுதினேன். அதிலும் சாரி என்ற சொல் கைகொடுக்கவில்லை. எங்கள் ஊரில் பஸ்ஸில் காலை மிதித்தவர்கள் சொல்கிற சொல் அது. நடந்ததை நடந்தபடியே எழுதி, நான் கோழையாக இருந்தேன் என்று முடித்தேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அதுவும் இங்கிலீஷில். வெயிலைப் பற்றி, கிளினிக்கைப் பற்றி, ஒரே அறையில் ஏழு பெண்கள் தங்கியிருப்பதைப் பற்றி. என் குற்றத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடைசியில் மட்டும், டைரியில் இப்போது நாலாவது கட்டம் போட்டிருப்பதாக எழுதியிருந்தாள். பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸுகள் ஃப்ரிஜ்ஜை ரெஃப் என்கிறார்களாம். கழிவறைக்கு சி.ஆர்., அதாவது கம்ஃபர்ட் ரூம், என்று பெயராம்; முதல் வாரம் அவள் அது டாக்டரின் கன்சல்டிங் ரூம் என்று நினைத்து வாசலில் ஃபைலோடு காத்திருந்தாளாம்.

அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஹவ் ஆர் யூ என்று கேட்டிருந்தாள். அந்த யூ எந்த யூ? எப்படிடி இருக்கே என்பதா, எப்படி இருக்கீங்க என்பதா? அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டில் எது ஒளிந்திருக்கிறது என்று தெரியவே தெரியாது. நான்கு வருஷம் அப்படியே கடிதங்கள் வந்தன, போயின. தொண்ணூற்றாறில் ஊருக்கு இங்கிலீஷிலும் சென்னை என்று பேர் வைத்தபோது, கவரில் எந்தப் பெயரை எழுதட்டும் என்று கேட்டிருந்தாள். இரண்டையும் எழுதியே அனுப்பினாள். அவளுடைய அம்மா மட்டும் எப்போதும்போல மெட்ராஸ் என்றே சொன்னார்.

சமையலுக்கு நடுவில், தையல் மிஷினுக்கு முன்னால், சில சமயம் அவள் குரல் அப்படியே கேட்கும். சொல்லை மெதுவாக இறக்கி வைக்கிற குரல். அதைக் கேட்டால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கணவர் நல்லவர். என்ன ஆச்சு என்று கேட்பார். ஒன்றுமில்லை என்பேன். ஒரு சினேகிதியை நினைத்து இவ்வளவு ஏங்க முடியும் என்று அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டில் அவள் விடுமுறையில் வந்தாள். தம்பிக்குக் கல்யாணம். தி.நகருக்குத் துணி எடுக்க அம்மாவோடு வருவதாகவும், முடிந்தால் பனகல் பார்க் பக்கம் வரும்படியும் போன் செய்தாள். போனில் ஹலோவுக்குப் பிறகு அவள் சொன்னதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. "பனகல் பார்க் தெரியும்ல? நாலு மணிக்கு வந்தா பாக்கலாம்." தமிழில் அப்படியும் பேச முடியும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

நேரில் பார்த்தபோது கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மணிக்கட்டில் தங்கக் கடிகாரம். சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"சாப்டாச்சா?"

"ஆச்சு. பொண்ணு நடக்குதா?" 

"ஓடறா. அங்கே வெயில் எப்படி?"

"கொளுத்துது."

இப்படியே இரண்டு பேரும் வெறும் வினைச்சொற்களை வைத்துக்கொண்டு ரங்கநாதன் தெருவரை நடந்தோம். மாம்பலம் ஸ்டேஷனில் ஏதோ ரயில் வந்திருக்க வேண்டும். எதிரிலிருந்து ஜனம் வெள்ளமாக வந்தது. அவளுடைய அம்மா முன்னால் போய்விட்டார். நான் ஒரு பாத்திரக் கடைக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு கூலியாள், தலையில் பெரிய துணி மூட்டையோடு, "வழி, வழி" என்று கத்திக்கொண்டு வந்தான். எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றேன். அவள் கையை நீட்டி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏ லூசு, இந்தாண்ட வாடீ! மண்டையில விழப்போவுது!"

மூட்டை போய்விட்டது. அவள் என் கையை விட்டுவிட்டு, தம்பி பெண்டாட்டிக்குப் பச்சை எடுப்பதா, அரக்கு எடுப்பதா என்று பேச ஆரம்பித்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. நான் கடைக் கண்ணாடியைப் பார்ப்பதுபோலத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அரக்குதான் எடுத்தார்கள். வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். பஹ்ரைனிலேயே வேலை பார்க்கிற கோவாக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும், அதற்குப் பிறகு கனடாவுக்குப் போகலாம் என்று இருப்பதாகவும் சொன்னாள். அங்கே எப்படிச் சமாளிப்பாள் என்று கேட்டேன். "இங்க சமாளிக்கலையா?" என்றாள். பழைய விஷயத்தை நான் எடுக்கப்போகிறேன் என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "விடு," என்றாள், நான் வாயைத் திறப்பதற்குள். அவளும் அம்மாவும் பைகளோடு பஸ் ஏறினார்கள்.

கனடாவிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்றில் பனியின் படம். மூன்றாவதாக வந்தது ஒரு வாழ்த்து அட்டை. கீழே இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன, கையெழுத்து இல்லை. அந்தச் சமயத்தில் நாங்கள் வேளச்சேரியில் வீடு வாங்கிப் போய்விட்டோம். புது முகவரியை எழுதி அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. பட்டினப்பாக்கத்தில் அவர்கள் இருந்த வரிசையை இடித்துக் கட்டினார்கள்; அவளுடைய அம்மா மகன் வீட்டோடு போய்விட்டதாக மார்க்கெட்டில் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

கே.கே. நகர் வீட்டில் எங்களுக்குப் பிறகு குடிவந்த அம்மாளிடம், வெளிநாட்டுத் தபால்தலையோடு ஏதாவது வந்தால் எடுத்து வைக்கும்படி சொல்லியிருந்தேன். மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பக்கம் போவேன். முதலில் அவர் உள்ளே போய்த் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்வார். இரண்டாவது வருஷத்தில், நான் தெருமுனையில் திரும்பும்போதே பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, இல்லை என்று கையை ஆட்டுவார். நான் அங்கேயே நின்று, சரி என்று தலையசைத்துவிட்டு, வந்த வழியே பஸ்ஸுக்கு நடப்பேன்.